லாங்கர்ஹான்ஸ் கண்ட இரு புதிர்கள்

என் தங்கை மகளுக்கு ஒன்பது வயதில் முதல் வகை நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. இன்று அவள் கல்லூரி மாணவி. பெற்றோர் பிள்ளைக்குச் சிறுநீரகம் தருவதுபோல, இன்சுலின் சுரக்கும் செல்களையும் ஒருவர் தர இயலாதா என்று அண்மையில் என்னிடம் கேட்டாள். விடை தேடிப் புறப்பட்ட நான், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஜெர்மானிய மருத்துவரின் வாழ்க்கையில் போய் நின்றேன்.

அவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1847-இல் பெர்லினில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நோய்க்கூறியலின் தந்தை எனப் போற்றப்படும் ருடால்ஃப் விர்ஹோவின் ஆய்வகத்தில் பயின்றார். 1868-இல், இன்னும் மாணவராக இருந்தபோதே, மனிதத் தோலைத் தங்க குளோரைடால் நிறமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கிளைகள் விரிந்த விசித்திரமான செல்களைக் கண்டார். அவற்றை நரம்பு செல்கள் என்று கருதினார். மறு ஆண்டு கணையம் குறித்த தமது பட்ட ஆய்வேட்டில், சுற்றியுள்ள திசுவிலிருந்து வேறுபட்டு, சிறுசிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் செல்களைப் பற்றி எழுதினார். அவற்றின் பணி என்னவென்று தமக்கு விளங்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்த நேர்மை என்னை வெகுவாகக் கவர்ந்தது.

ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியரான காலத்திலேயே காசநோய் அவரைத் தாக்கியது. ஆசிரியப் பணியைத் துறந்து, போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவின் ஃபுன்சால் நகரில் குடியேறினார். அங்கு நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார், கடற்புழுக்களை ஆராய்ந்தார். 1888-இல், 41-ஆவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள்கள் இருந்தபோது, சிறுநீரகச் செயலிழப்பால் மறைந்தார். அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டே, கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு வருவதை மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நிறுவினர். 1893-இல் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ், அந்த செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயரிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், நீரிழிவால் உயிருக்குப் போராடிய 15 வயதுச் சிறுவனின் உடலில் ஆட்டுக் கணையத் துண்டுகள் பொருத்தப்பட்டன. மூன்று நாள்களில் அச்சிறுவன் இறந்தான். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட மேலும் 28 ஆண்டுகள் ஆயின.

லாங்கர்ஹான்ஸ் தோலில் கண்ட செல்கள் நரம்பு செல்கள் அல்ல. அந்நியப் பொருளைப் பிடித்து நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்கும் காவல் செல்கள் என்பது சுமார் ஒரு நூற்றாண்டு கழித்தே தெளிவாயிற்று. நம் செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனும் அடையாளப் புரதங்கள் உள்ளன. 1958-இல் பிரான்ஸின் ழான் தோசே இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார். ஒருவரது திசு வகை என்பது இந்த அடையாளங்களின் தொகுப்பே. கொடையாளரின் வகை வேறுபட்டால், பெறுபவரின் உடல் அதை அந்நியமாகக் கருதித் தாக்குகிறது. இன்சுலின் சுரக்கும் திட்டுகளையும், அயலாரின் திட்டுகள் நிலைக்கவொட்டாமல் தடுக்கும் மண்டலத்தின் காவலர்களையும் ஒரே இளைஞர் அடுத்தடுத்த ஆண்டுகளில் கண்டிருக்கிறார். இரண்டின் பொருளும் அறியாமலேயே மறைந்திருக்கிறார்.

அப்படியானால், திசு வகை முற்றிலும் ஒத்த கொடையாளர் கிடைத்தால் போதுமா? போதாது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், உருவொத்த இரட்டையரில் நலமாக இருந்தவரின் கணையத்தில் ஒரு பகுதியை நீரிழிவுற்ற மற்றவருக்குப் பொருத்தினர். திசு வகை முழுமையாக ஒத்திருந்ததால் உடல் அதை அந்நியமென்று கருதவில்லை. ஆயினும், முன்பு சொந்தக் கணையத்தின் பீட்டா செல்களை அழித்த அதே தன்னெதிர்ப்பு, புதிய கணையத்தின் பீட்டா செல்களையும் அழித்தது. ஆக, முதல் வகை நீரிழிவில் பகை இரண்டு. திசுப் பொருத்தம் ஒன்றைத் தணிக்கும், மற்றொன்றைத் தணிக்காது.

அதனால் திசு வகையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று கொள்வதும் பிழை. 2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவர்கள், ஏழு நோயாளிகள் திட்டுமாற்றத்துக்குப் பின் இன்சுலின் ஊசியின்றி வாழ்வதாக அறிவித்தபோது உலகமே வியந்தது. ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரு கொடையாளர்களின் திட்டுகள் தேவைப்பட்டன. ஐந்து ஆண்டுகள் கடந்தபோது, அங்கு சிகிச்சை பெற்றவர்களில் ஊசியின்றி இருந்தோர் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. எனினும், பெரும்பாலோர் உடலில் சிறிதளவு இன்சுலின் தொடர்ந்து சுரந்தது. உயிருக்கு ஆபத்தான சர்க்கரைத் தாழ்நிலை அவர்களுக்குக் குறைந்தது.

கொடையாளர்கள் பெருகப் பெருக, ஒவ்வாத அடையாளங்களும் பெருகுகின்றன. திட்டுகள் செயலிழந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் நிறுத்தப்பட்டால், அந்த அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் உருவாகக்கூடும். நீண்டகால நீரிழிவு சிறுநீரகத்தைப் பாதிப்பதை நாம் அறிவோம். அத்தகைய நோயாளிக்குப் பின்னாளில் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதை இந்த எதிர்ப்பொருள்கள் அரிதாக்கிவிடும். இன்று பெறும் திட்டுகள் நாளைய சிறுநீரகத்தின் வாயிலை அடைத்துவிடக் கூடாது. எனவே, இளம் நோயாளிகளுக்கு ரத்த வகையோடு திசு வகையையும் கருத்தில் கொள்வதும், கொடையாளர் எண்ணிக்கையைக் குறைப்பதும் மருத்துவத்தின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

என் தங்கை மகளிடம் இதைத்தான் சொன்னேன். செல்களைத் தர இயலும். ஆனால், அவை நிலைக்கும் என்று இன்று எவரும் உறுதியளிக்க இயலாது. அதுவரை ஊசியைத் தவறவிடாதே என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, லாங்கர்ஹான்ஸைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் மாமா என்றாள்.