களஞ்சியம் காத்த அமைச்சர் சி. சுப்பிரமணியம்

பஞ்சம் வருமுன்னரே தானியத்தைச் சேமித்து வைத்து, எகிப்து நாட்டு மக்களையும் அண்டை நாட்டாரையும் பசியினின்று காத்த யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் இளமை முதலே கேட்டு வளர்ந்துள்ளோம். களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்ற அப்பெருமகனாரின் வரலாறு, ஆட்சிப் பொறுப்பு என்பது முதற்கண் பசி தீர்க்கும் பொறுப்பே என்பதை நமக்கு உணர்த்துகிறது. நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் அத்தகைய பொறுப்பைச் சுமந்து நின்றவர் பாரத ரத்னா சி. சுப்பிரமணியம் ஆவார். மழை பொய்த்தால் கரிசற்காடு வெடித்துக் கிடப்பதையும், வைப்பாறு மணலாய் நீள்வதையும் கண்ணாரக் கண்டவர்கள் வெம்பக்கோட்டை வட்டாரத்து மக்கள். உணவின் அருமையை அறிந்த நாம் அவரது வாழ்வை அறிந்துகொள்வது மிகவும் பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 1910ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர்ச் சட்டமும் கற்றார். நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டு 1942இல் சிறை புகுந்தார். விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். உழவர் குடியில் பெற்ற பட்டறிவும், கல்லூரியில் பெற்ற அறிவியல் நோக்கும் பிற்காலத்தில் அவருக்கு இரு கண்களாய் விளங்கின.

விருதுநகர்ப் பெருமகனாரின் பெருந்தன்மை

1954இல் முதலமைச்சர் பதவியினின்று இராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைமைக்குப் போட்டி ஏற்பட்டது. காமராசரை எதிர்த்து நின்றவர் சுப்பிரமணியமே. காமராசர் 93 வாக்குகளும், சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். வென்றவர் தோற்றவரை ஒதுக்கிவிடவில்லை. தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டு, நிதியையும் கல்வியையும் அவரிடம் ஒப்படைத்தார். தோற்றவரும் மனக்கசப்பின்றி உழைத்தார். 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம், காமராசரின் கனவும் சுப்பிரமணியத்தின் நிர்வாகத் திறனும் கைகோத்ததன் பயன் எனலாம். விருதுநகர்ப் பெருமகனார் நம் மாவட்டத்திற்குத் தேடித்தந்த பெருமைகளுள் இதனையும் ஒன்றாக நாம் எண்ணுதல் வேண்டும்.

ஒருவரும் விரும்பாத துறை

1962இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், நேரு அமைச்சரவையில் எஃகுத் துறையை ஏற்றார். 1964இல் நேரு மறைந்து லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானதும், உணவு வேளாண்மைத் துறை அவரிடம் வந்தது. அரசியலாளர் பலரும் அஞ்சி ஒதுங்கிய துறை அது. நாட்டில் விளைந்தது போதாமையால், பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின் வழியே வந்த கோதுமையை நம்பி மக்கள் வாழ்ந்த காலம். துறைமுகத்தில் கப்பல் வந்தடைந்தால்தான் நியாயவிலைக் கடையில் தானியம் என்னும் நிலை நிலவியது. அடுத்தடுத்து இரண்டாண்டுகள் மழை பொய்க்கவே, 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கும் சற்று மிகுதியான தானியம் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது.

இதற்கிடையே 1965 பிப்ரவரியில் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. மாணவர் குருதி சிந்தினர். அந்நிலையில் சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் தத்தம் அமைச்சர் பதவியைத் துறக்க முன்வந்தனர். நேருவின் வாக்குறுதி காக்கப்படும் எனப் பிரதமர் நாட்டுக்கு அறிவித்த பின்னரே அவர்கள் பணியைத் தொடர்ந்தனர். பதவியைத் துறக்கத் துணிந்தவரே பதவியை அஞ்சாமல் ஆளவும் வல்லவர் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

உரோம் நகரத்து உடன்பாடு

பிறர் கையை எதிர்பார்க்கும் நாட்டின் குரல் உலக அரங்கில் தாழ்ந்தே ஒலிக்கும். வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததை விரும்பாத அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், தானியக் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்தே அனுப்பினார். வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1965 நவம்பரில் உரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃபிரீமனைச் சுப்பிரமணியம் சந்தித்து ஓர் உடன்பாட்டிற்கு வந்தார். வேளாண்மைக்குக் கூடுதல் நிதி, உர உற்பத்திக்கு ஊக்கம், உயர்விளைச்சல் விதைகளின் பரவல் ஆகியன அதன் கூறுகள். இவற்றுள் பெரும்பாலானவை அவர் முன்னரே வகுத்து, அமைச்சரவையில் வாதாடி வந்தவையே. பிறர் விதித்த நிபந்தனை என நாடு நாணாதவாறு, நம் அரசின் சொந்தத் திட்டமாகவே அதனை அவர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வற்புறுத்தலையே வாய்ப்பாக மாற்றிக்கொண்ட அரசதந்திரம் இஃதெனலாம்.

விதையும் விளைவும்

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை இனங்களை இங்குப் பரப்ப வேண்டும் என எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய அறிவியலாளர் வலியுறுத்தினர். அயல்நாட்டு விதை பயிர்நோயைக் கொணரும் என்றனர் சிலர். செல்வ உழவரே பயன்பெறுவர் என்றனர் வேறு சிலர். உரத்திற்கு அந்நியச் செலாவணி ஏது என நிதித்துறை தயங்கியது. அனைவருக்கும் பொறுமையுடன் விடையிறுத்த அமைச்சர், தில்லியிலிருந்த தம் அரசு இல்லத் தோட்டத்திலேயே அக்கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்தது.

விதையோடு அவர் நின்றுவிடவில்லை. 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைந்தன. விளைந்ததை அரசு வாங்கும், நியாயமான விலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை உழவர்க்குப் பிறந்தது. அதுவரை நிர்வாக அதிகாரிகள் தலைமையேற்றிருந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திற்கு பி.பி. பால் என்னும் அறிவியலாளர் தலைமை இயக்குநரானார்.

தோல்வியில் பூத்த அறுவடை

ஆயின் 1967 பொதுத்தேர்தலில் அரிசித் தட்டுப்பாடும் மொழிச் சிக்கலும் தமிழகத்தில் காங்கிரசை வீழ்த்தின. விருதுநகரில் காமராசர் தோற்றார். அதே தேர்தலில் சுப்பிரமணியமும் தோற்றார். 1954இல் எதிரெதிர் நின்ற இருவரும் 1967இல் ஒருங்கே வீழ்ந்தனர். விதைத்தவர் பதவியிழந்த மறு ஆண்டே விளைவு வந்தது. 1964-65இல் ஏறத்தாழ 1 கோடியே 23 இலட்சம் டன்னாயிருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் 1 கோடியே 65 இலட்சம் டன்னாக உயர்ந்தது. வட மாநிலங்களில் பள்ளிக் கட்டடங்களிலும் மூட்டைகளை அடுக்க நேர்ந்தது. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி ஏதிலியர் வந்தடைந்தபோது, இந்தியா அவர்களுக்கு உணவளித்தது. அமெரிக்காவின் சினத்திற்கும் அஞ்சாது நின்றது. களஞ்சியம் நிறைந்திருந்தமையால் நாட்டின் முதுகெலும்பு நிமிர்ந்தது.

பின்னர் அவர் திட்டம், நிதி, பாதுகாப்பு ஆகிய துறைகளின் அமைச்சராகவும், மராட்டிய மாநில ஆளுநராகவும் விளங்கினார். நெருக்கடிநிலைக் காலத்தில் நிதியமைச்சராக இருந்தமையால், அவ்வாட்சியின் பழியில் அவருக்கும் பங்குண்டு. பசுமைப் புரட்சியிலும் குறைகள் உண்டு. பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியது. உரமும் பூச்சிமருந்தும் அளவு மீறின. பாசன நிலங்களே பெரும்பயன் எய்தின. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளையும் நம் மானாவாரிக் கரிசலுக்கு அப்புரட்சி முழுமையாக வந்து சேரவில்லை. மழையை நம்ப இயலாத மக்கள் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை நாடியதை நாமறிவோம்.

1998இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார். தோட்டத்து மூலையில் கோதுமை விதைத்துப் பார்த்த அவ்வமைச்சரின் துணிவு, மானாவாரி நிலத்திற்கேற்ற விதையையும் நீர்ச்சிக்கனத்தையும் ஆராயும் மாணவரிடம் மீண்டும் பிறத்தல் வேண்டும். பசித்தவர்க்கு உணவளித்தலை இறைவனுக்கு உவப்பான நற்செயலாகப் போற்றும் மார்க்கத்தில் வளரும் நம் இளைஞர்கள், அவர் விட்ட இடத்திலிருந்து அப்பணியைத் தொடர்வார்களாக!