இடையன்குடியில் கால்டுவெல்

அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் கால்டுவெல், சமயப் பணிக்காக 1838இல் சென்னைக்கு வந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், மக்களின் மொழியையும் வாழ்வையும் அறிய விரும்பித் தென்தமிழகத்திற்கு நடந்தே சென்றார். திருநெல்வேலிச் சீமையில், பனைத்தொழிலாளர் வாழ்ந்த இடையன்குடி என்னும் சிற்றூரைத் தம் பணிக்களமாகக் கொண்டார்.

வறண்ட செம்மணல் நிலத்தில் நேரிய தெருக்களை வகுத்தார், பள்ளி அமைத்தார். 1844இல் அவரை மணந்த எலைசா அம்மையார், பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் பின்னும் கைத்தொழிலையும் கற்பித்தார். 1847இல் தொடங்கிய தேவாலயத் திருப்பணி நிறைவுற 33 ஆண்டுகள் ஆயின.

அம்மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல், அவர்களைத் தாழ்வாகச் சித்திரித்துப் பின்னாளில் அவர்தம் மனத்தைப் புண்படுத்தியது. எனினும், ஊர்ப்பணிகளுக்கிடையே அவர் ஆராய்ந்து எழுதி 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழியினின்று பிறந்ததன்று என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது. தமிழின் தனித்தன்மையை உலகம் அறிய அந்நூல் வழிவகுத்தது.

1877இல் ஆயர் பொறுப்பேற்ற அவர், 1891இல் கொடைக்கானலில் மறைந்தார். பல்லாண்டுகள் உழைத்த இடையன்குடியில், தாம் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.