ஏட்டைக் காத்த ஏந்தல் வேதாந்த தேசிகர்

முன்னுரை

வெள்ளம் ஊரை அழிக்கும். தீ வீட்டை அழிக்கும். போரோ இவ்விரண்டையும் விடக் கொடியது. அது மனிதரைக் கொல்வதோடு நில்லாமல், அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான அடையாளத்தையும் துடைத்துவிட முயல்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி நூலகத்தில் ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமியின் நாட்குறிப்பை எடுத்துப் படித்தேன். ஹிட்லரின் ஆட்சியில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். ஆனின் குடும்பம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஈராண்டுக் காலம் ஒளிந்து வாழ்ந்து, 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிடிபட்டது. தரையில் சிதறிக் கிடந்த அவளுடைய தாள்களை மீப் கீஸ் என்னும் பெண்மணி பொறுக்கி எடுத்து, படித்துப் பாராமலே மேசை அறையில் வைத்துக் காத்தார். ஒளிந்திருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் தந்தை ஓட்டோ பிராங்க் ஒருவரே. மகளின் எழுத்தை அவர் 1947இல் நூலாக வெளிவரச் செய்தார். 1980இல் மறையும் வரை, அதைப் படித்து எழுதிய இளைஞர்களுக்கெல்லாம் மறுமொழி எழுதி வந்தார்.

இப்படி ஒருவர் நம் நாட்டில் உண்டா என்று என் பாட்டியிடம் கேட்டேன். நாம் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்திலேயே எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இருந்தார் என்றார் பாட்டி. அவரே வேதாந்த தேசிகர். பாட்டி சொல்லக் கேட்டதையும் நான் படித்ததையும் கொண்டு அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

தேசிகர் 1268ஆம் ஆண்டு புரட்டாசித் திருவோணத்தன்று காஞ்சிபுரத்தைச் சேர்ந்த தூப்புல் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை அனந்தசூரி, தாய் தோதாரம்பை. பெற்றோர் இட்ட பெயர் வேங்கடநாதன். தாய்மாமனான கிடாம்பி அப்புள்ளாரே அவருக்கு ஆசானாக அமைந்தார்.

அக்காலத்தில் காஞ்சியில் நடாதூர் அம்மாள் என்னும் பெரியவர் பாடம் சொல்லி வந்தார். அம்மாள் என்றதும் பெண் என எண்ணிவிட வேண்டா. வரதாசாரியார் என்பது அவருடைய பெயர். தாயைப் போன்ற பரிவினால் அவருக்கு அப்பெயர் வந்தது என்பர். இராமானுசர் இயற்றிய ஸ்ரீபாஷ்யம் என்னும் அரிய நூலை அவர் விளக்கிச் சொல்லும்போது மாணவர் பலர் கூடியிருந்து கேட்பர்.

ஒருநாள் ஐந்து வயது வேங்கடநாதன் மாமனுடன் அங்கே சென்றான். குழந்தையின் முகத்தைக் கண்டு மகிழ்ந்த அம்மாள் பாடத்தை நிறுத்தி அவனுடன் பேசினார். மீண்டும் தொடங்கும்போது எவ்விடத்தில் நிறுத்தினோம் என்பது அவருக்கும் நினைவில்லை, மாணவர்க்கும் நினைவில்லை. அந்த இடத்தை எடுத்துச் சொன்னவன் ஐந்து வயதுச் சிறுவனே என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அறுந்த பாடத்தின் நுனியைப் பிடித்துக் கொடுத்த அந்தக் குழந்தைதான், பிற்காலத்தில் அந்தப் பாடம் முழுவதையுமே அழிவிலிருந்து மீட்டது.

கேட்டதை எழுதியவர்

அம்மாளிடம் பயின்றோருள் சுதர்சனசூரி என்பவர் ஒருவர். அவர் வரும் வரை ஆசிரியர் பாடத்தைத் தொடங்காமல் காத்திருப்பாராம். மற்ற மாணவர் முணுமுணுத்தனர். ஆசிரியர் முன்னாள் நடந்த பாடத்தைச் சொல்லும்படி சுதர்சனரைக் கேட்க, அவர் ஒரு சொல்லும் விடாமல் ஒப்பித்தார். அவ்வாறு கேட்டதையெல்லாம் அவர் ஏட்டில் எழுதி வைத்ததே சுருதப்பிரகாசிகை என்னும் பேருரை. கேட்டதை விளக்கிக் காட்டுவது என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர் மறைந்த பின்னரும் அவர் குரல் அந்த ஓலைகளில் வாழ்ந்தது. சுதர்சனர் திருவரங்கத்தில் வாழ்ந்து முதுமை எய்தினார்.

எளிய வாழ்வு

வேங்கடநாதர் இருபது வயதிற்குள் பல கலைகளையும் கற்றுத் தேர்ந்தார். கடலூருக்கு அருகிலுள்ள திருவகீந்திரபுரத்தில் பல்லாண்டுகள் தங்கி நூல்கள் இயற்றினார். பின்னர் திருவரங்கத்துப் பெரியோர் அழைக்க, வாதம் செய்வதற்காக இங்கே வந்தார். வேதாந்த தேசிகர் என்னும் பட்டமே பெயராக நிலைத்தது. வடமொழி, தமிழ், பிராகிருதம், மணிப்பிரவாளம் ஆகியவற்றில் அவர் செய்த நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை.

இத்துணைப் புகழ் பெற்றும் அவர் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று அரிசி பெற்றே உண்டார். ஒருமுறை யாரோ ஓர் அன்பர் அரிசியோடு பொற்காசுகளையும் கலந்து இட்டுவிட்டார். மனைவி திருமங்கையார் அவை என்னவென்று கேட்க, தேசிகர் புழு என்று எண்ணி ஒரு புல்லால் தள்ளிவிட்டாராம். தன்னுடைய பொருளுக்கே ஆசைப்படாதவரிடம்தானே பிறர் தம் செல்வத்தை நம்பி ஒப்படைக்க முடியும்? அப்படி ஒப்படைக்கும் நாளும் வந்தது.

அந்தக் கொடிய நாள்

1323ஆம் ஆண்டு தில்லிச் சுல்தானின் படை உலூக்கான் தலைமையில் தெற்கே வந்தது. அது நெருங்குவதை அறிந்து, முதியவரான பிள்ளை உலோகாசாரியார் நம்பெருமாள் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியிலேயே, மதுரைக்கு அருகில் உயிர் நீத்தார். இங்கே ஊரில் இருந்தோர் வெட்டுண்டனர். இறந்தோர் பன்னீராயிரவர் என்று கோயிலொழுகு கூறுகிறது.

அவ்வேளையில் சுதர்சனசூரி தம் இரு சிறு புதல்வரையும் சுருதப்பிரகாசிகை ஏடுகளையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். முதுமையினால் தம்மால் ஓட இயலாது என்பதை அவர் அறிவார். அவர் அந்தக் கலகத்திலேயே கொல்லப்பட்டார். தேசிகருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. பிணங்களுக்கு நடுவே தாமும் ஒரு பிணம்போல் கிடந்து, இரு பிள்ளைகளையும் ஏட்டுக்கட்டையும் அணைத்துக் காத்து, படையினர் அகன்ற பின் அவர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அழவும் முடியாமல் அந்தப் பிள்ளைகள் அவ்விரவைக் கழித்ததை எண்ணும்போது என் உள்ளம் நடுங்குகிறது. எனக்கும் ஏழு வயதில் ஒரு தம்பி இருக்கிறான்.

ஏடும் பிள்ளைகளும்

காடும் மலையும் கடந்து அவர்கள் கன்னட நாட்டை அடைந்தனர். சத்தியாகாலம், மேல்கோட்டை ஆகிய ஊர்களில் தேசிகர் பல்லாண்டுகள் தங்கினார். இங்கேதான் அவருடைய பெருமை விளங்குகிறது. ஏட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அவர் கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. இரு பிள்ளைகளுக்கும் உபநயனம் செய்வித்தார், கல்வி புகட்டினார். தந்தை எழுதிய ஏட்டையே பாடமாகச் சொல்லி, கேட்போரைப் பெருக்கினார். ஏடு மட்டும் பிழைத்துப் படிப்பவர் இல்லையென்றால் அது வெறும் ஓலை. பிள்ளைகள் மட்டும் பிழைத்து ஏடு அழிந்திருந்தால் அவர்கள் தம் தந்தையின் உழைப்பை அறியாமலே வளர்ந்திருப்பர். தேசிகர் இரண்டையும் காத்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார்.

மேல்கோட்டையில் இருந்தாலும் அவர் மனம் திருவரங்கத்திலேயே இருந்தது. அச்சம் நீங்கி ஊர் திரும்ப வேண்டும் என்று வேண்டி அபீதிஸ்தவம் என்னும் துதியை இயற்றினார். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1371இல், விசயநகரத் தலைவரான கோபணார் செஞ்சியிலிருந்து நம்பெருமாளைத் திருவரங்கத்திற்கு எழுந்தருளச் செய்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் உள்ளது. முதுமையில் தேசிகரும் இவ்வூர் திரும்பினார் என்றும், நூறாண்டு கடந்து வாழ்ந்தார் என்றும் மரபு கூறுகிறது. தாயார் சன்னதிக்கு எதிரே அவருக்குத் தனிச் சன்னதி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஏடு வாழும் வழி

பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் தாங்காது; செல்லும் பூச்சியும் அரித்துவிடும். ஆகவே ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை படி எடுத்தாக வேண்டும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் இருந்ததை டாக்டர் உ. வே. சாமிநாதையர் மிக வருந்தி எழுதியுள்ளார். சுருதப்பிரகாசிகை அவ்வாறு போகவில்லை. அது படி எடுக்கப்பட்டு, அச்சேறி, இன்றும் அறிஞர்களால் பயிலப்படுகிறது.

துன்பத்தை எழுதிக் காப்பது பகை வளர்ப்பதற்காக அன்று. இதையும் ஸ்ரீரங்கமே நமக்குக் கற்பிக்கிறது. தில்லிச் சுல்தானின் மகள் பெருமாள்மீது கொண்டதாக மரபு கூறும் அன்பை மதித்து, துலுக்க நாச்சியார் என்று அவருக்கு இடம் கொடுத்திருப்பதும் அதே கோயில்தான். அங்கே பெருமாளுக்கு ரொட்டி படைப்பதும் உண்டு.

முடிவுரை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா 1942இல் பர்மாவிலிருந்து அஸ்ஸாம் வரை நடந்து வந்த கதையை அதில் எழுதியிருக்கிறார். உடன் நடந்த அவருடைய தங்கை வழியிலேயே இறந்துவிட்டார். நோட்டின் கடைசிப் பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. இத்தனை நாளும் அதை எடுத்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேசிகரின் வரலாற்றைப் படித்த பின், கோடை விடுமுறையில் அதைப் புதிய நோட்டில் படி எடுக்கத் தொடங்கினேன். எழுத்து புரியாத இடங்களில் பாட்டி உதவினார். அரித்துப்போன பக்கங்களுக்குத் தமக்கு நினைவிருந்ததைச் சொன்னார். இரவில் அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டுகிறேன். முதல் நாள் விட்ட இடத்தை நான் மறந்தாலும் அவன் சரியாகச் சொல்லிவிடுகிறான்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டோ கடிதமோ இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பேசக்கூடிய ஒரு பாட்டியாவது இருப்பார். செல் அரிப்பதற்குள், பாட்டி மறப்பதற்குள், எழுதி வையுங்கள். எழுதியதை ஒரு சிறுவருக்குப் படித்தும் காட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி