விழக் கற்றுக்கொடுத்த வாத்தியார்: ஜிகோரோ கானோ (1860–1938)



நம் கிளப் ஹவுஸில் மாலை நேர ஜூடோ வகுப்பு தொடங்கியதிலிருந்து லிஃப்டிலும் பூங்கா பெஞ்சிலும் ஒரே பேச்சுதான். பிள்ளைகள் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஒரு பிடி, ஒரு வீச்சு கற்றுத்தரவில்லை, பாயில் விழுவதும் உருளுவதும் எழுவதுமாகவே வகுப்பு முடிந்துவிடுகிறது, இதற்கா ஃபீஸ் கட்டினோம் என்று சில பெற்றோர் அலுத்துக்கொள்கிறார்கள். என் பேரனும் அந்த வகுப்பில் இருக்கிறான். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஜூடோவை உருவாக்கியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததும் அந்த அலுப்பு போய்விட்டது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அடி வாங்கிய ஒல்லிப் பையன்

ஜிகோரோ கானோ 1860-ல் ஜப்பானின் கோபே நகரை அடுத்த மிகாகே என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அரிசியிலிருந்து சாக்கே என்ற மது வடிக்கும் வசதியான குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அதன்பின் தந்தையோடு டோக்கியோ போய் அங்கே படித்தார். ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் உருவத்தில் மிகச் சிறியவர். வளர்ந்தபின்கூட ஐந்தடி இரண்டு அங்குலத்தைத் தாண்டவில்லை. விடுதியில் பெரிய பையன்களிடம் தினமும் அடி. பலம் இல்லாதவன் பலசாலியைச் சாய்க்கும் ஜூஜுட்சு என்ற பழைய கலை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு, அதைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தார்.

ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. 1868-க்குப் பிறகு ஜப்பான் வேகமாக மேற்கத்திய வழிக்கு மாறிக்கொண்டிருந்தது. சாமுராய்களின் காலம் முடிந்துவிட்டது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசான்கள் பிழைப்பு இழந்தார்கள். அவர்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களானார்கள். நம் பக்கத்துப் புத்தூர்க் கட்டு வைத்தியர்களைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கானோ அப்படிப்பட்ட வைத்தியர்களிடம் விசாரித்து அலைந்து, 1877-ல் ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார்.

ஃபுகுடாவின் பாடமுறை எளிமையானது. ஒரு வீச்சை எப்படிச் செய்வது என்று கானோ கேட்டால், ஆசான் விளக்கம் சொல்ல மாட்டார். கூப்பிட்டு மறுபடி மறுபடி தூக்கிப் போடுவார். விழுந்து விழுந்து உடம்பே புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. கல்லூரிக்குப் போகும்போது கானோவின் உடம்பெல்லாம் சிராய்ப்பும் மருந்துப் பற்றும்தான். அந்த நாளில் அவர் அணிந்த, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத் தைத்த பயிற்சி மேலாடை இன்றும் டோக்கியோவில் பாதுகாக்கப்படுகிறது.

கோயில் கூடத்தில் ஒரு பள்ளி

ஃபுகுடா 1879-ல் காலமானார். அடுத்து வந்த ஆசானும் இரண்டு ஆண்டுகளில் மறைந்தார். மூன்றாவதாக இக்குபோ என்பவரிடம் கிட்டோ பிரிவு ஜூஜுட்சுவைக் கற்றார் கானோ. இக்குபோவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தாலும் இளைஞரான கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. பிறகு ஒருநாள் நிலைமை தலைகீழானது. கானோ வீச வீச ஆசான் விழுந்துகொண்டே இருந்தார். ஒருவரைத் தள்ளுவதற்கு முன் அவருடைய நிலைகுலைவைத் தேட வேண்டும், நிலை குலைந்துவிட்டால் வீசப் பெரிய பலம் தேவையில்லை என்பதை கானோ பிடித்துவிட்டார். ஜூடோவின் அடிப்படையே இதுதான்.

1882-ல், இருபத்தொரு வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் இடம் பிடித்துச் சொந்தப் பள்ளி தொடங்கினார். அதற்குக் கோடோகான் என்று பெயர். பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் இடம். நம் அப்பார்ட்மென்ட் ஹால் அளவுதான் இருக்கும். முதல் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேர். அவர்கள் தொப்பு தொப்பென்று விழுவதில் கோயில் தரையே அதிர்ந்தது. உடைந்த தரைக்கட்டைகளைச் சரிசெய்ய கானோவே விளக்கோடு அடியில் ஊர்ந்து போயிருக்கிறார். செலவுக்கு இரவில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தார். ஜூட்சு என்றால் வித்தை, டோ என்றால் வழி. வெறும் சண்டை வித்தையாக இல்லாமல் வாழும் வழியாக இருக்க வேண்டும் என்று தன் கலைக்கு ஜூடோ என்று பெயரிட்டார். 'ஜூ' என்பது எதிர்த்து நிற்காமல் வளைந்து கொடுக்கும் தன்மை.

முதல் பாடம் விழுவது

கானோ செய்த பெரிய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. கண்ணைக் குத்துவது, உயிர்நிலையில் அடிப்பது போன்றவற்றைத் தாராளப் பயிற்சியிலிருந்து விலக்கினார். பாதுகாப்பாக விழும் முறையை அடிப்படைப் பாடமாக ஒழுங்குபடுத்தினார். அதற்கு உகெமி என்று பெயர். அடி வாங்கித்தான் பழக வேண்டும் என்ற நிலையில் தொடங்கிய ஒரு மாணவர், ஆசிரியரானதும் அடி படாமல் பழகும் வழியை வகுத்துத் தந்தார்.

உகெமியில் என்ன இருக்கிறது? யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். சறுக்கும்போது நம் உடம்பு இயல்பாகச் செய்யும் காரியம் தவறானது. கையை விறைப்பாக நீட்டி ஊன்றுகிறோம். முழு எடையும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறிகிறது. மல்லாந்து விழுந்தால் தலை பின்னால் தொங்கிப் பிடரி தரையில் மோதுகிறது. இந்த இரண்டு பழக்கத்தையும் மாற்றுவதுதான் உகெமி.

மல்லாந்து விழும்போது மோவாயை மார்போடு ஒட்டி, தன் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போது தலை தரையில் படாது. முதுகை வில்லாக வளைத்து உருள வேண்டும். இரண்டு கைகளையும் உடம்புக்குச் சற்று அகலமாக வைத்து, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே நேரத்தில் பாயைத் தட்ட வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடுகிறது. மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

முன்னால் உருளுவது நம் குட்டிக்கரணம் போன்றது அல்ல. குட்டிக்கரணத்தில் உச்சந்தலையும் முதுகெலும்பும் நேராகத் தரையில் படும். உகெமியில் கை, தோள்பட்டை, அங்கிருந்து முதுகில் குறுக்காக இறங்கி எதிர்ப்பக்க இடுப்பு என்று சக்கரம் போல உருள வேண்டும். தலை தரையைத் தொடவே கூடாது. இதையும் படிப்படியாகத்தான் சொல்லித்தருகிறார்கள். முதலில் படுத்தபடி கை தட்டுவது, பிறகு உட்கார்ந்த நிலை, பிறகு குந்திய நிலை, கடைசியில் நின்றபடி. நம் பிள்ளைகள் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

இன்னொரு பாதியும் உண்டு. ஜூடோவில் வீசுகிறவர், எதிராளி விழும்போது அவர் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்து லேசாக மேலே இழுக்க வேண்டும். விழுகிறவரின் தலையும் தோளும் மெதுவாக இறங்கும். எதிராளி பத்திரமாக எழுந்தால்தான் நாளைக்கும் பயிற்சி நடக்கும். கானோ பின்னாளில் ஜூடோவின் நோக்கமாக அறிவித்த இரண்டில் ஒன்று, தானும் பிறரும் சேர்ந்து வளர்வது. மற்றொன்று, உள்ள ஆற்றலைச் சரியாகப் பயன்படுத்துவது.

பள்ளி ஆசிரியர், ஒலிம்பிக் தூதர்

கானோவுக்குத் தொழில் கல்வி. ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரிக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்தார். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இடம்பெற்ற முதல் ஆசியர் ஆனார். 1912-ல் ஸ்டாக்ஹோமுக்கு ஜப்பானின் முதல் ஒலிம்பிக் அணியை அழைத்துப் போனார். அணியில் இரண்டே வீரர்கள்.

பெண்களுக்கும் பாயில் இடம் கொடுத்தார். தன் முதல் ஆசான் ஃபுகுடாவின் பேத்தி கெய்கோவைத் தானே அழைத்து 1935-ல் மாணவியாகச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கெய்கோ ஃபுகுடா பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 2011-ல் 98 வயதில் அமெரிக்க ஜூடோ அமைப்பின் பத்தாம் நிலைப் பட்டம் பெற்றார். அவரும் ஐந்தடிக்குக் குறைவான உயரம்தான். நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. தாகூர் கேட்டுக்கொண்டதால் 1929-ல் ஷின்சோ தகாகாகி என்ற கோடோகான் ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ கற்றுக்கொடுத்தார்.

1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர கானோ முதுமையிலும் உலகம் சுற்றினார். 1938-ல் கெய்ரோ கூட்டத்தை முடித்துக்கொண்டு 'ஹிகாவா மாரு' என்ற கப்பலில் திரும்பும்போது நிமோனியா கண்டு மே 4-ஆம் தேதி நடுக்கடலில் காலமானார். வயது 77. யோகோஹாமா வந்துசேர இரண்டே நாள் இருந்தது. அந்தக் கப்பல் இன்றும் யோகோஹாமா துறைமுகத்தில் காட்சிக்கு நிற்கிறது. சில வாரங்களிலேயே போர் காரணமாக ஜப்பான் அந்த ஒலிம்பிக்கைக் கைவிட்டது. கடைசியில் 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது ஜூடோவும் முதன்முறையாக அதில் இடம்பெற்றது.

அவசரப்பட்டதால் வந்த விலை

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்ல வேண்டும். கானோவின் சொந்த நாட்டிலேயே இந்த வரிசை பல இடங்களில் மறக்கப்பட்டது. 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பான் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலையில் அடி. விழும் முறை முழுதாகக் கைவராத புதிய மாணவர்கள் அதில் அதிகம். பெற்றோர் திரண்டு கேள்வி கேட்டார்கள். அதன்பிறகே பள்ளிகளில் விதிகள் கடுமையாகி, மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆகவே, பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு எப்போது வீசக் கற்றுத்தருவீர்கள் என்று பயிற்சியாளரை அவசரப்படுத்த வேண்டாம். கேட்பதாக இருந்தால் வேறு கேள்வி கேளுங்கள். பாய் போதுமான தடிமனா? பாய்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா? சுவர் ஓரம் பாதுகாப்பாக இருக்கிறதா? தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே உட்காரவைத்து டாக்டரிடம் காட்டுகிறார்களா?

என்னைப் போன்ற சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாக உருண்டு பார்க்க வேண்டாம். நமக்கு உகெமி என்பது குளியலறையில் கைப்பிடி, வழுக்காத மிதியடி, படிக்கட்டில் நல்ல வெளிச்சம். மழைநாளில் லாபி டைல்ஸ் ஈரமாக இருந்தால் செக்யூரிட்டியிடம் ஒரு குரல் கொடுங்கள்.

போன வாரம் என் பேரன் சைக்கிளிலிருந்து பார்க்கிங்கில் விழுந்தான். தோளில் உருண்டு, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு போனான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். ஒரு மாத ஃபீஸ் அன்றைக்கே திரும்பக் கிடைத்துவிட்டது.