பகலில் நிலவு காய வைத்தவர்

‘மாயாபஜார்’ படம் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒரு பிடி பிடிக்கும் காட்சியைச் சின்னஞ்சிறு பிள்ளைகளும் சொல்லிச் சிரிப்பார்கள். அதே படத்தில் நிலா வெளிச்சத்தில் படகு மிதந்து போகும் காட்சி ஒன்று உண்டு. அந்த நிலவு வானத்தில் உதித்ததல்ல. ஒரு மனிதர் செய்தது. அவர் பெயர் மார்க்கஸ் பார்ட்லி.

பெயரைப் பார்த்து, கடல் கடந்து வந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். சேலம் மாவட்டம் ஏற்காட்டில் 1917-ம் ஆண்டு பிறந்த ஆங்கிலோ இந்தியர் அவர். சிறு வயதிலேயே தகப்பனார் ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார். வேறு விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. 1935-ல் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ பத்திரிகையில் புகைப்படக்காரரானார். பிறகு செய்திப் படங்கள் எடுத்தார். செய்திப் படக்காரனுக்காகச் சூரியன் காத்திருக்காது. கிடைத்த வெளிச்சத்தில் எடுத்தாக வேண்டும். ஒளியை எடை போடும் கண் பார்ட்லிக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

சென்னைக்கு வந்தார். வாகினியின் ஆரம்பப் படங்களுக்குக் காமிரா பிடித்த கே. ராம்நாத் அப்போது ஜெமினிக்குப் போய்விட்டிருந்தார். பி. என். ரெட்டி எடுத்த ‘சுவர்க்க சீமா’ (1945) பார்ட்லியின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ‘பாதாள பைரவி’ (1951), ‘மிஸ்ஸியம்மா’ (1955) என்று வடபழனி வாகினி ஸ்டூடியோவே அவருக்கு வீடாகிவிட்டது.

விளக்குகளின் ராஜ்யம்

அந்த நாளில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நட்சத்திரங்கள் அல்ல, விளக்குகள்தான். காரணம் பிலிம். அன்றைய கறுப்பு வெள்ளை பிலிமின் வேகம் 100-க்கும் குறைவு. இன்றைய டிஜிட்டல் காமிரா 800-ல் சர்வ சாதாரணமாக வேலை செய்கிறது. அந்தச் சோம்பேறி பிலிமில் முகம் விழ வேண்டுமானால் வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும். பேபி, டூ கே, ஃபைவ் கே, டென் கே என்று வரிசை வரிசையாக விளக்குகள். எல்லாவற்றுக்கும் அண்ணன், கார்பன் ஆர்க். இரண்டு கரிக் குச்சிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து, கண் கூசும் வெள்ளை வெளிச்சம் பிறக்கும். பெரிய ஆர்க் விளக்கு ஒன்று 225 ஆம்பியர் குடிக்கும். வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்! கரி எரிந்து தேயத் தேய, பக்கத்தில் ஓர் ஆள் நின்று சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். புகையும் சூடும் சேர்ந்து மேல் பரணில் நிற்கும் லைட்மேனை வாட்டி எடுக்கும். படத்தில் அவர்கள் பெயர் வராது. ஆனால் காமிராமேன் கை காட்டிய திசையில் ஓர் அங்குலம் விளக்கைத் திருப்பியவர்கள் அவர்கள்தான்.

இந்தப் பட்டாளத்தை வைத்துக்கொண்டு நிலவு செய்ய வேண்டும். இரவு இருட்டாகத் தோன்ற வேண்டும். உண்மையில் இருட்டாக இருந்தால் பிலிமில் ஒன்றும் விழாது. இதுதான் சங்கடம். கடுமையான விளக்கு ஒன்றைப் பின்னால் உயரத்தில் வைத்துக் கூந்தலிலும் தோளிலும் வெள்ளிக் கோடு போட வேண்டும். முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் போதும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

1957-ல் வந்த ‘மாயாபஜார்’ அந்தத் திறமையின் சிகரம். படகுக் காட்சியின் வெளிப்புறப் பகுதி எண்ணூர்ப் பக்கத்து நீரில் பகலிலேயே எடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில் இதற்கு வழி உண்டு. சிவப்புக் கண்ணாடி போட்டால் நீல வானம் கறுத்துவிடும். சூரியனை எதிரே வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவு செய்தால் அலையில் மின்னுவது வெயிலா நிலவா என்று யாராலும் சொல்ல முடியாது. துவாரகை நகரத்தைக் காட்ட ஸ்டூடியோவுக்குள் 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300 குட்டி வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளுக்கும் விளக்கு உண்டு! தெலுங்கு நாட்டில் நல்ல நிலவைப் பார்த்தால் பார்ட்லி நிலவு என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. அதில் மிகை இல்லை என்பது நம் கட்சி.

அதே காலத்தில் வங்காளத்தில் வேறொரு காரியம் நடந்தது. 1956-ல் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் போட்டபோது, சுப்ரதா மித்ரா மேலே துணி கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். நிழலே விழாத மெல்லிய வெளிச்சம் கிடைத்தது. வாகினியில் ஒளியைக் கத்தி போல் பிடித்தார்கள். அங்கே பஞ்சு போல் பிரித்துப் போட்டார்கள். பின்னால் நாடு முழுவதும் பஞ்சு கட்சியே ஜெயித்தது.

பார்ட்லி அதற்காக மூலையில் உட்காரவில்லை. கேரளக் கடற்கரைக்குப் போய், ராமு காரியத் டைரக்ஷனில் ‘செம்மீன்’ (1965) படத்தை வண்ணத்தில் எடுத்தார். அங்கே பரணும் இல்லை, சுவரும் இல்லை. சூரியனும் உப்புக் காற்றும்தான். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் முதல் முறையாகத் தென்னாட்டுப் படம் ஒன்றுக்கு வந்தது. திலீப்குமார் இரட்டை வேடமிட்ட ‘ராம் அவுர் ஷ்யாம்’ (1967), அடுத்துத் தமிழில் ‘சாந்தி நிலையம்’ (1969). சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்காகக் கிடைத்தது.

விளக்கு அணைந்த கதை

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1977-ல் ‘16 வயதினிலே’ வந்தது. காமிரா கிராமத்துக்குப் போயிற்று. கூரையும் பரணும் வைத்துக் கட்டிய தளங்களுக்கு வேலை குறைந்தது. பிலிமின் வேகம் ஏற ஏற, விளக்கின் தேவை இறங்கியது. கரி விளக்குகள் போயின. பிறகு டிஜிட்டல் வந்து பிலிமையே ஒதுக்கியது. இன்று ஒரு மனிதர் கையில் தூக்கும் எல்.ஈ.டி. பலகைகள் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. பேபிக்கும் டென் கே-க்கும் ஒரு காலத்தில் இருந்த கிராக்கி இல்லை. எந்த விளக்கை எங்கே வைத்தால் எந்த நிழல் விழும் என்ற படிப்புக்குப் பள்ளிக்கூடம் பரணே. பரண் போனபோது அந்தப் பாடத்தில் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் பார்த்தவர் இல்லை.

ஆசியாவின் பெரிய ஸ்டூடியோ என்று பேர் வாங்கிய விஜயா வாகினியின் நிலத்தில் நாகி ரெட்டி 1972-லேயே ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 2013-ல் அங்கே பெரிய வணிக வளாகமும் திறக்கப்பட்டது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1993 மார்ச்சில், பார்ட்லி காலமாகிவிட்டார். 2010-ல் தெலுங்கு ‘மாயாபஜா’ருக்கு வர்ணம் பூசித் திரையிட்டார்கள். பார்த்தவர்கள் ரசித்தார்கள். இருந்தாலும் அந்தப் படகுக் காட்சியை மட்டும் பழைய கறுப்பு வெள்ளையிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.