எண்ணி எண்ணி ஓடியவர்



முதல் செமஸ்டர் மேத்ஸில் இரண்டாவது தடவையும் அரியர் விழுந்தபோது, நம்ம மண்டைக்கு இவ்வளவுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். டிப்ளமோவை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அந்தச் சமயத்தில்தான் எமில் ஜாட்டோபெக்கின் வாழ்க்கையைப் படித்தேன். அவரும் நம்மைப் போல தொழிற்கூடத்தில் நின்ற பையன்தான்!

1922-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1941-ல் அங்கே ஓட்டப் பந்தயம். உடம்பு சரியில்லை என்று நழுவப் பார்த்தார். டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்! வேறு வழியில்லாமல் ஓடி, நூறு பேரில் இரண்டாவதாக வந்தார். அன்றைக்குப் பிடித்தது ஓட்டப் பைத்தியம்.

ஓடும்போது பார்க்க அழகாக இருக்க மாட்டார். தலை ஒரு பக்கம் சாயும், முகம் கோணும், மூச்சு இரைக்கும். ஆனால் பயிற்சி? 400 மீட்டர் வேகமாக ஓடுவார், கொஞ்ச தூரம் மெதுவாக ஓடி மூச்சு வாங்குவார், மறுபடி 400. இப்படி இருபது, நாற்பது, அறுபது தடவை! பின்னாளில் ஒரே நாளில் நூறு தடவைகூட ஓடினார். பட்டாளத்தில் சேர்ந்த பிறகு பூட்ஸ் காலோடும் ஓடினார். பந்தயத்துக்கு வேண்டிய வேகத்தைத் துண்டு துண்டாக உடம்புக்குப் பழக்கினார். அவ்வளவுதான் ரகசியம்.

பலன்? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் எட்டே நாளில் 10,000, 5,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம்! மாரத்தான் அவர் அதுவரை ஓடியதே இல்லை. அவர் 5,000 மீட்டரில் ஜெயித்த அதே நாளில் மனைவி டானாவும் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார்.

1966-ல் ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க்குக்குத் தன் தங்கப் பதக்கம் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். உலக சாதனைகள் பல செய்தும் கிளார்க்குக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. உழைப்பின் அருமை உழைத்தவனுக்குத்தானே தெரியும்! 1968-ல் நாட்டில் சுதந்திரம் கேட்டவர்கள் பக்கம் நின்றார். பதவி போயிற்று. துளை போடும் குழுவோடு சேர்ந்து கூலி வேலை பார்த்தார். 2000-ல் காலமானார்.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மொத்தப் புத்தகத்தையும் விழுங்கப் பார்த்தவன் நான். முதல் 400 மீட்டரே ஓடாமல் மாரத்தானுக்கு நின்றிருக்கிறேன்! இப்போது தினம் பத்துக் கணக்கு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. நோட்டில் எண்ணிக்கை எழுதி வைக்கிறேன். நேற்றோடு அறுநூறு தாண்டியாச்சு. ரிசல்ட் என்ன ஆகுமோ, தெரியாது. ஆனால் பட்டறைக்குப் போகும் நினைப்பு போயே போச்சு!

நண்பா, உன் நோட்டில் எத்தனை?

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்