கறுப்பா இருந்தா போதுமா? கூலிங் கிளாஸுக்கு வழிகாட்டிய வில்லியம் குரூக்ஸ்

ஆன்லைனில் பவர் உள்ள கூலிங் கிளாஸ் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது ஃபிரேம், அடுத்து கலர், அப்புறம் விலை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களை லென்ஸ் தடுக்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அந்தக் கேள்வியை முதலில் வைத்து லென்ஸ் உருவாக்கியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி சர் வில்லியம் குரூக்ஸ்.

யார் இவர்?

1832-ல் லண்டனில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தார். வேதியியல் படித்தார். 1861-ல், நிறமாலையில் தென்பட்ட ஒரு பச்சைக் கோட்டைத் துப்பாக வைத்து தாலியம் என்ற புதிய தனிமத்தைக் கண்டுபிடித்தார். பிறகு வெற்றிடக் குழாய்களில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். இந்த வகைக் குழாயை வைத்துதான் 1895-ல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். குரூக்ஸுக்கு 1897-ல் சர் பட்டம் கிடைத்தது.

கண்ணாடிப் பக்கம் ஏன் வந்தார்?

அந்தக் காலக் கண்ணாடித் தொழிற்சாலைகளில், உருகிய கண்ணாடியை வருஷக்கணக்கில் பார்த்தபடி வேலை செய்தவர்களுக்குக் கண்புரை வந்தது. இதை ஆராய லண்டன் ராயல் சொசைட்டி அமைத்த குழுவில் குரூக்ஸும் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 75-ஐத் தாண்டியிருந்தது.

கண்ணாடிக் கலவையில் வெவ்வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து, 300-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளந்தார்: வெப்பக் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது, புற ஊதாக் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது, கண்ணுக்குத் தேவையான வெளிச்சம் எவ்வளவு உள்ளே வருகிறது.

இதில்தான் முக்கியமான விஷயம் தெரிந்தது. சீரியம் சேர்த்த கண்ணாடி, அதிகம் நிறமே இல்லாமல் புற ஊதாக் கதிரைத் தடுத்தது. அதாவது, கறுப்பு வேறு, பாதுகாப்பு வேறு. 1913-ல் முடிவுகளை ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்தார். அதே ஆண்டில் அதன் தலைவராகவும் ஆனார். அவர் பெயரில் வந்த 'குரூக்ஸ்' லென்ஸ்கள், தொழிற்சாலையைத் தாண்டி வெயிலில் போடும் கண்ணாடிகளிலும் இடம்பிடித்தன. 1919-ல் 86 வயதில் காலமானார்.

இன்றைக்கு ஆர்டர் போடும் முன்

* 'யுவி 400' என்று இருக்கிறதா பாருங்க. 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம்.
* அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி ஆபத்து. இருட்டில் கண்ணின் பாப்பா விரியும். கதிர் கூடுதலாக உள்ளே போகும்.
* 'போலரைஸ்டு' என்பது தண்ணீர், ரோடு மேல் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும். அது மட்டுமே யுவி பாதுகாப்பு ஆகாது.
* பவர் சீட்டு புதுசாக இருக்கட்டும். இரண்டு பாப்பாக்களுக்கும் இடையிலான தூரமும் (பி.டி.) தேவை. சீட்டில் இல்லை என்றால் அளந்து வாங்கிக்கொள்ளுங்க. அது தப்பினால் கண் வலி, தலைவலி வரலாம்.
* பார்சல் வந்ததும், யுவி மீட்டர் இருக்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சோதித்துப் பாருங்க. சரியில்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடலாம்.

குரூக்ஸ் நிறத்தை நம்பாமல் அளந்து பார்த்தார். வாங்குபவர்களும் அதைச் செய்தால் போதும்.